பன்னிரண்டு புள்ளி ஒன்று

காவேரிப்பட்டணம் தாண்டி
மாங்கூழ் ஆலையின் பூட்டிய கேட் முன்னால்
வண்டியை ஓரங்கட்டும்போது
மீட்டரில் 12.1.
பாதி. அதற்கும் கொஞ்சம் கீழே.

மூன்று நாளாக ஐப்பசி மேகம்.
தொப்பூரிலிருந்தே கூரைத் தகடு
சூரியனைப் பார்க்கவில்லை.

எங்கள் வண்டிக்கு இரண்டு பேட்டரி.
முன்னது ஓடுவதற்கு, பின்னது குடியிருக்க.
இடையில் தீப்பெட்டி அளவில் ஒரு ரிலே:
என்ஜின் ஓடினால் கைகோர்க்கும்
நின்றால் விலகிக்கொள்ளும்.
பின்னது ராத்திரியெல்லாம் செலவழித்தாலும்
முன்னதின் கையிருப்பைத் தொடக்கூடாது,
விடிந்ததும் கிளம்ப வேண்டுமே.
இந்த ஓர் ஏற்பாட்டைத்தான்
இருதயராஜ் என்னைக் கேட்டுச் செய்தான்.

"என்ஜினை அரைமணி ஓடவிடவா?"
நின்ற இடத்தில் உறுமினால் ஏறுவது சொற்பம்
டீசல்தான் தீரும் என்றேன்.
நான் இதைச் சொல்வது நாற்பதாவது தடவை.
அவன் கேட்பதும்.

எங்கே போனாலும் மரத்தடியில்தான் நிறுத்துவான்.
நிழல் வேண்டும் அவனுக்கு, பகல் தூக்கத்துக்கு.
வெயில் வேண்டும் எனக்கு, கூரைக்கு.
பதினோரு மாதம் ஒரே வண்டியில்
நாங்கள் போட்ட சண்டையெல்லாம்
பெரும்பாலும்
ஆறடி முன்னே பின்னே.

காவலாளி திம்மராயன் டார்ச்சோடு வந்தார்.
அடுப்பு, மெத்தை, கொசுவலை என்று
வெளிச்சத்தை மேயவிட்டு
இருக்கைக்கடியில் நிறுத்தினார்.
"வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியாச்சே இது!"
"ஆமாங்க. வீடு இதுதான்."

ஆனி ஆடியில்
லாரி லாரியாகப் பெங்களூரா இறங்கிய முற்றத்தில்
இப்போது புளித்த கொட்டையின் வாசம் மட்டும்.
எடைமேடை ஓரம் சும்மா கிடந்த
ப்ளக் பாயிண்டைக் காட்டினார்.
"எவ்ளோ நேரம் குடிக்கும்?"
"விடிய விடிய."
"எங்க எருமையே தேவலாம்."

முதலில் அவசரமாக விழுங்கும்.
14.4 வந்ததும் வாயைக் குறுக்கிக்கொள்ளும்.
கடைசி இருபது பங்குக்கு
முதல் எண்பதின் நேரத்தைக் கேட்கும்,
மிரட்டினால் கொதிக்கும்.
ஓசூரில் பதினாலு வருஷம்
கன்வேயர் முன்னால் நின்றவள் நான்.
தன் இஷ்டத்துக்கு மெதுவாக நடக்கும் ஒன்றை
உட்கார்ந்து வேடிக்கை பார்க்க
காசுகூடக் கொடுப்பேன்.

பன்னிரண்டரைக்குப் போனது கரண்ட்.
ஆலை, சாலை, எதிர்ப்புறப் பஞ்சர் கடை,
எல்லாம் ஒரே இமையில்.
பிறகு மழை.

திம்மராயன் ஜன்னலைத் தட்டினார்.
"கேமரா கண்ண மூடிக்கிச்சும்மா.
நான் தூங்கிட்டேன்னு எழுதிடுவாங்க."

இருதயராஜ் எழுந்தான், என்னைக் கேட்கவில்லை.
நீட்டிப்பு வயரை இன்வெர்ட்டரில் மாட்டி
மறுமுனையை அதே ப்ளக் பாயிண்டில்
திருப்பிச் செருகப் போனான்.
பாய்ந்து கையைப் பிடித்தேன்.
எங்கேயோ மழையில்
ஒரு லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார்,
செத்த கம்பி என்று நம்பி.

தனி வயராகவே காவல் அறைக்கு இழுத்தோம்.
கேமரா பெட்டி, கேட் விளக்கு,
கொசுவுக்காக ஒரு டேபிள் ஃபேன்,
அவருடைய போன்,
பஞ்சர் கடைக்காரர் ஓடிவந்து கொடுத்த போன்.
அந்தச் சாலையில் அன்றிரவு
எங்கள் கேட் மட்டும் எரிந்தது.
"எங்கள்" என்று சொல்லிவிட்டேன் பாருங்கள்.

ஆறே காலுக்குக் கரண்ட் வந்தது.
ராத்திரி ஏறியது ராத்திரியே இறங்கியிருந்தது.
மீட்டரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.
12.1.

"கரண்டுக்கு எவ்வளவு தரணும்?" என்றேன்.
அதே நேரத்தில் அவரும்
"கரண்டுக்கு எவ்ளோம்மா?" என்றார்.
கடைசியில் டீக்காசை
பஞ்சர் கடைக்காரர் கொடுத்தார்.

மேகம் கிழக்கே கொஞ்சம் கிழிந்து
மரத்துக்கு அப்பால் விழுந்தது வெயில்,
சரியாக ஆறடி தள்ளி.
நான் வாயைத் திறக்கவில்லை.
இருதயராஜ் சாவியைத் திருப்பினான்,
ரிவர்ஸ் போட்டான்.
இருக்கைக்கடியில் 'டிக்' என்றது ரிலே.

அப்புறம் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு
வெயிலிலேயே தூங்கிப்போனான்.