நாலாவது பூச்சு

டெவென்டர் நகரசபை நாளுக்கு ஏழு காசு தந்தது.
சுண்ணாம்பு அவர்களுடையது, தூரிகை என்னுடையது.
போன வருஷம்வரை இதே கோவிலில்
ஆயர் தந்தார் கூலி.

சிலைகளை உடைக்க வேறு ஆட்கள் வந்தார்கள்.
குடித்திருந்தார்கள். பாதிப் பேர் தெரிந்த முகம்.
சுவரை உடைக்க முடியாதே,
லுபெர்ட்டைக் கூப்பிடு என்றார்கள்.

கடற்கரைக் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றியது,
வாளிக்கு ஒரு குவளை மோர்.
வடக்குச் சுவரில் முதலில் நரகம் போனது,
யாருக்கும் வருத்தமில்லை.
அடுத்தது கிறிஸ்டோபர், முழங்கால்வரை ஆற்றோடு.
அதற்கடுத்து பல்வலிக்காரி அப்போலோனியா,
பிடுங்கிய பல்லை இடுக்கியில் தூக்கிக் காட்டியபடி.

இவள் முன்னால்தான் என் ஃபென்னே
வீங்கிய கன்னத்தோடு மூன்று மெழுகுவத்தி ஏற்றினாள்.
நாலாம் நாள் பல் தானாக விழுந்தது.

"அவளையுமா?" என்றாள் அன்றிரவு.
அவளையும்தான்.
"முகத்தையுமா?"
நான் ரொட்டியை மென்றுகொண்டிருந்தேன்.
வெகுநேரம் மென்றேன்.

ஈரச் சுண்ணாம்பு கண்ணாடி மாதிரி,
காய்ந்தால்தான் வெளுக்கும்.
முதல் பூச்சு காயும்வரை
அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
இரண்டாவதில் இடுக்கி போனது.
மூன்றாவதில் முகம்,
கண்கள் போனதாகச் சொல்லிக்கொண்டேன்.
நாலாவதற்குக் காசில்லை என்றார் சபைக்காரர்.
நானும் கேட்கவில்லை.

மழை பிடித்தால் சுவரில் ஈரம் ஏறும்.
ஏறினால் அந்த இடத்தில்
பழுப்பாக இரண்டு புள்ளி.
ஃபென்னே அதற்கு நேர் எதிரில்தான் உட்காருவாள்.
பிரசங்கம் இன்று நன்றாக இருந்தது என்பாள்
வீடு திரும்பும்போது.

நடுவில் ஸ்பானியர் வந்தார்கள். பூசை திரும்பியது.
பூசியவனே சுரண்டட்டும் என்றார்கள்.
சுரண்டக் கூலி என்ன என்று
நாலு வருஷம் பேசினார்கள்.
பிறகு பீரங்கி. பிறகு மறுபடி நகரசபை.
என் வாளி இருந்த இடத்திலேயே இருந்தது.

ஃபென்னே போய் எட்டுக் குளிர்காலம் ஆனபின்
லத்தீன் பள்ளி ஆசிரியர் ஹாசெலிங்க்
லைடனிலிருந்து ஒரு கண்ணாடி வில்லையோடு வந்தார்.
சின்னப் பையன், தாடி சரியாக முளைக்கவில்லை.
ஊரிலேயே வெள்ளையான சுவர் எது என்று கேட்டார்.

தெற்குச் சன்னல்களைப் படகுப் பாய்களால் மூடினோம்.
ஒரே ஒரு துளை, துளையில் வில்லை.
வடக்குச் சுவரில்
ஒரு ரொட்டி அகலத்துக்குச் சூரியன் வந்து நின்றது.
கண் கூசாத சூரியன்.
அதன்மேல் மூன்று கரும்புள்ளி,
மாவில் விழுந்த எலிப்புழுக்கை போல.

போதகர் குனிந்து பார்த்தார்.
"ஆண்டவர் வானத்தில் கறை வைக்கவில்லை.
இது சுவரின் கறை.
பூசினது யார்?"

எல்லோரும் திரும்பினார்கள்.
முப்பத்தொரு வருஷத்தில் முதல்முறையாக
என் வேலையைப் பற்றி ஒருவர் கேட்கிறார்.

நான் பதில் பேசத் தெரியாதவன்.
போய்ச் சுவரில் கை வைத்தேன்.
சூரியன் என் புறங்கையில் ஏறியது,
மூன்று புள்ளியும் கூடவே ஏறின,
நரம்புக்கும் சுண்ணாம்பு தின்ற தோலுக்கும் நடுவே.
"இப்போது சொல்லுங்கள்," என்றார் ஹாசெலிங்க்,
குரல் உடைந்து, "இது யார் கறை?"

யாரோ சிரித்தார்கள். போதகர் இல்லை.

கையை உடனே எடுக்கச் சொன்னார்கள்.
நான் எடுக்கவில்லை.
மேலே வெயில், கீழே உள்ளங்கையில் ஈரம்.
நேற்று மழை.
எந்த இடத்தில் கை வைத்தேன் என்பது
எனக்கு மட்டும்தான் தெரியும்.

சூரியன் மெல்ல நகர்ந்து தூணுக்குப் போனது.
கூட்டம் அதன் பின்னாலேயே போனது.

மறுநாள் போதகர் வீட்டுப் பையன்
ஏழு காசு கொண்டுவந்து தந்தான்,
வடக்குச் சுவருக்கு இன்னொரு பூச்சு அடிக்க.
வாங்கி ஃபென்னேயின் உப்புச்சாடியில் போட்டேன்.

அங்கேயேதான் கிடக்கிறது.