பதினாறு சொட்டு

மண்டபம் வடக்குத் துறை. விடிய நாலு மணி.
ஐஸ் பிளாண்டின் பின்வாசலிலிருந்து
படகுவரை பலகைச் சறுக்கு: நீளம் நாலு மீட்டர்,
மேல்முனை இரண்டு மீட்டர் உயரத்தில்.
டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன்,
மறுமுனையைச் சந்தியாகு.

ஐம்பது கிலோ பார் சறுக்கில் இறங்கும்.
அதன் முதுகில் கொக்கி, கொக்கியில் கயிறு.
கயிறு உத்திரத்துக் கப்பியில் ஏறித் திரும்பி
நேராகத் தொங்கும். நுனியில்
பதினைந்து கிலோ காரல் கூடை.
பார் நாலு மீட்டர் சறுக்கினால்
கூடை நாலு மீட்டர் ஏறி மேல்தட்டைத் தொடும்.
மோட்டார் கிடையாது.

இதே கணக்கில்தான் கல்லூரியில் எனக்கு அரியர்.
கயிற்றின் இழுவிசையைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.
மூன்று பக்கம் எழுதி, சைனா காஸா என்று விழித்து
நிமிர்ந்தால் மணி அடித்துவிட்டது.
கயிறு பாரிடம் பறித்ததை
அப்படியே கூடைக்குக் கொடுத்துவிடுகிறது என்று
அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.
கமிஷன் வாங்காத தரகன் அது.
இந்தத் துறையில் அப்படி இன்னொருத்தனை
நான் பார்த்ததில்லை.
ஆகவே கயிற்றை விசாரிக்க வேண்டாம்.
தொடங்கிய இடத்தைக் கேள்,
நின்ற இடத்தைக் கேள்.

பார் இழந்தது: ஐம்பது, பூமியின் இழுப்பு பத்து, உயரம் இரண்டு.
ஆயிரம் ஜூல்.
கூடை வாங்கியது: பதினைந்து, பத்து, நாலு.
அறுநூறு.
மிச்சம் நானூறும் ஓட்டமாக வேண்டும்.
இரண்டும் சேர்ந்து அறுபத்தைந்து கிலோ;
நொடிக்கு மூன்றரை மீட்டர் வரவேண்டும்.

வரவில்லை.
போனில் நேரம் பார்த்தேன். அடிவரை நாலு நொடி.
அப்படியானால் அடியில் வேகம் வெறும் இரண்டு,
ஓட்டத்தில் இருப்பது நூற்று முப்பது.
இருநூற்று எழுபது ஜூலைக் காணவில்லை.

காணாமல் போகாது.
பலகையில் கை வைத்தேன். பார் போன தடம்
நத்தை போன தடம் மாதிரி மினுமினுத்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.
கூலி நோட்டில் ஒரு கட்டம் இருக்கிறது:
'சறுக்குக் கழிவு, நாளொன்றுக்கு இரண்டு பார்.'
சந்தியாகு, பாத்துமுத்து, கோட்டைச்சாமி
மூவர் கூலியிலும் அது பிடிக்கப்படும்.
உரசி உருகிவிட்டதாம்.
பதினோரு மாதமாக அதை எழுதிய கை
இந்தக் கைதான்.
என் பெயர் நம்பு. நம்பித்தான் எழுதினேன்.

காணாமல் போன இருநூற்று எழுபதும்
பலகைக்கும் கப்பிக்கும் பங்கு வைக்காமல்
பனிக்கட்டியை மட்டுமே உருக்கியது என்று
தாராளமாக வைத்துக்கொண்டாலும்
ஒரு கிராம் தேறாது.
மை நிரப்பும் குழாயால் எண்ணினேன்:
பதினாறு சொட்டு.
நாளைக்கு இருநூறு பார்.
பாத்துமுத்துவின் டீ டம்ளர்கூட நிரம்பாது.
நோட்டில் இருப்பதோ நூறு கிலோ.

மேனேஜர் கனகவேல் எல்லாவற்றையும் படித்தார்.
"வெயிலுக்கு உருகாதா?"
"விடிய நாலு மணிக்கு ஏது சார் வெயில்?"
அவர் சிரிக்கவில்லை.
"நம்பு, நீ எந்தப் பக்கம்?"

கப்பியைப் பார்த்தேன்.
இரண்டு பக்கமும் இருப்பது ஒரே கயிறுதான்,
ஆனால் அது எடுத்ததைக் கொடுத்துவிடுகிறது.
இதைச் சொல்ல வாய் வரவில்லை.
"கணக்குப் பக்கம்" என்றேன்,
தொண்டை கொஞ்சம் அடைத்தது.

இன்றைய தேதியில் அந்தக் கட்டத்துக்குள்
'பதினாறு சொட்டு, இருநூறு முறை' என்று
எழுதியிருக்கிறேன்.
சனிக்கிழமை கூலி நாள்.
நோட்டை அவர் மேசையறைக்குள் வைத்துப் பூட்டினார்.

வெளியே கோட்டைச்சாமி கத்துகிறான்,
"கொக்கி மாட்டியாச்சு, விடு!"
பார் நகர்கிறது.
இருட்டுக்குள்ளிருந்து கூடை ஏறி வருகிறது,
காரல் வயிறுகள் மட்டும் வெளிச்சமாய்.