பன்னிரண்டாவது வரிசை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
அந்தக் கணக்கு செல்களுக்குச் செல்லாது.
நூற்று அறுபதையும் ஒவ்வொன்றாய்
எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

உவேஃபா பார்த்தாள், பதினாறு நாள்.
கொட்டோனு நகரை விட்டுப் போன கம்பெனி
பூட்டியபடி விட்டுச் சென்ற பெட்டிகளை
அறுத்து எடுத்தவை அவை.
பூட்டு இரும்பில் இல்லை. ஓட அனுமதி கேட்டு
எங்கோ ஒரு கணினிக்கு அவை ஆள் அனுப்பும்;
அங்கே கதவு திறப்பாரில்லை.

ஒவ்வொன்றின் முதுகிலும் பேனாவால் எண்:
மூன்று புள்ளி ஆறு இரண்டு.
மூன்று புள்ளி ஆறு இரண்டு.
மூன்று புள்ளி ஆறு ஒன்று.
பாலைக்காற்று கொண்டுவரும் செம்புழுதியை
மணிக்கொரு தரம் துடைத்தாள்.

சாயங்காலமானால் மஹுன்யோன் வருவான்,
எண் போட்ட மஞ்சள் சட்டையோடு.
பகலெல்லாம் மைத்துனனின் பெட்ரோல் வண்டி,
பாதிக் கூலி மைத்துனனுக்கு.
அவனுடையது நான்கு மாதமாய் வீட்டில் நிற்கிறது,
அதன் இருக்கையில் ஆடு படுக்கிறது.
பழைய டயரில் உட்கார்ந்து கேட்பான்:
'ஆச்சா?'

எட்டெட்டாய் இருபது வரிசை.
நிக்கல் பட்டை. டிக்.
ஆயிரத்து இருநூற்று எண்பது டிக்.
ஒன்று பிசகினாலும் பட்டை கருகும்,
கருகிய வாடை அவள் தலைமுடியில் ஏறி
ஞாயிற்றுக்கிழமை கோயில்வரைக்கும் வரும்.

எண்பத்து நான்கு வோல்ட் ஏற்றிவிட்டு
தூங்கப் போனாள்.
விடிந்து பார்த்தால்
பத்தொன்பது வரிசையும் வைத்த இடத்தில்.
பன்னிரண்டு மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

'கொஞ்சம்தானே' என்றான் அவன்.
'கொஞ்சம்தான்.
பாலத்தின் நடுவில், லாரிக்கு முன்னால்
அந்தக் கொஞ்சம் உன்னை இறக்கிவிடும்.'
முன்பணத்தைத் திருப்பிக் கேட்டான்.
எடுத்து நீட்டினாள்.
வாங்காமலே போய்விட்டான்.

பட்டையை உரித்தாள்.
எட்டுச் செல்லையும் தனித்தனியே கிடத்தி
மூன்று இரவு.
கசிந்தது ஐந்தாவது.
வீக்கமில்லை, சூடில்லை, கீறலில்லை;
முதுகில் அவள் கையெழுத்திலேயே
மூன்று புள்ளி ஆறு இரண்டு.
அந்த எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர்ச்சாரியில் அஃபியாவியின் மேசை.
கண்ணாடிப் புட்டிகளில் பொன்னிறமாய் பெட்ரோல்,
அவற்றின் நடுவே, கடவுளே, ஒரு திரிவிளக்கு.
'நீ அனுப்பும் ஒவ்வொரு வண்டியும்
எனக்குத் தினம் இரண்டு புட்டி நட்டம்'
என்று திட்டுவாள், சிரிக்கவும் செய்வாள்.
பொட்டலத்துக்குத் தேறாத, ஆனால் கசியாத
மெதுவான செல்கள் ஒன்பதை இணைத்து
ஒரு விளக்கு கட்டிக் கொண்டுபோய் வைத்தாள்.
அஃபியாவி அணைத்தாள், ஏற்றினாள், அணைத்தாள்.
'இதற்கு எத்தனை புட்டி கழிக்கணும்?'

வெள்ளிக்கிழமை அவனே வந்தான்.
ஆட்டு மயிர் ஒட்டிய இருக்கையோடு
வண்டியைத் தள்ளிக்கொண்டு.
பெட்டியை இறக்கி, திருகி, வயரைச் சேர்த்தாள்.
சாவி.
சத்தமில்லை.
குனிந்து சக்கரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்,
'கிளம்பிவிட்டதா' என்று கேட்டபடியே
கைப்பிடியைத் திருக,
கேள்வி முடியுமுன் மீன்கடையைத் தாண்டியிருந்தான்.

இருட்டிய பிறகு திரும்பி வந்தான்.
'நாற்பத்தொரு கிலோமீட்டர்' என்றான்,
மகள் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்வதுபோல்.
அவள் காதில் வாங்கவில்லை;
மூடியைக் கழற்றி மீட்டரை வைத்தாள்.
பதினொன்று: மூன்று புள்ளி ஐந்து எட்டு.
பதிமூன்று: மூன்று புள்ளி ஐந்து எட்டு.
அப்புறம்தான்,
கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு,
பன்னிரண்டு.