வியாழக்கிழமைத் தண்ணீர்

அபிலீன் நகரில் ஒற்றைப்படை வீடுகளுக்கு
வியாழன் மட்டும் தண்ணீர்.
மீறினால் அபராதம்.
1407இல் வெர்னா, 1409இல் ஹோலிஸ்:
ஒரே விடியலில் இருவர் கையிலும் ஹோஸ்.
பேச்சு நின்று ஒன்பது வருஷம்.

எல்லாம் புல்லால் வந்தது.
அவள் வளர்ப்பது பெர்முடா,
நம் வாயில் அறுகு.
வேலிக்கு அடியில் விரல் நீட்டும்,
அவருடைய அகன்ற இலைப் புல்லுக்குள்
கணுக்கணுவாய்க் குடியேறும்.
நாம் அதைச் சொல்லி வாழ்த்துவோம்;
அவர் அதைச் சொல்லித் திட்டுவார்.
ஏப்ரல்தோறும் மண்வெட்டியோடு வந்து
வேலியோரம் ஒரு சாண் ஆழம் வெட்டிவிடுவார்.

இந்த ஏப்ரலில் மண்வெட்டிச் சத்தம் இல்லை.
இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

மார்ச்சில் தளிர்த்ததைப் பனி கருக்கியது.
மே மாதம் எலுமிச்சை அளவு ஆலங்கட்டி.
அப்புறம் அறுபத்து மூன்று நாள்
வானம் துடைத்த தட்டு.
ஹோலிஸின் புல்லில்
முதலில் மிதித்த தடம் எழவில்லை,
பிறகு வைக்கோல்.
வெர்னாவுடையதும் பழுப்புதான்,
ஆனால் அது தூக்கம்.
வேலி தாண்டிய கொடிகளில் மட்டும்
கணுவுக்கு ஒரு பச்சை.

வியாழன், காலை ஐந்தரை.
வாக்கரைப் பிடித்து நின்றவர்
ஹோஸை வேலிப் பக்கம் திருப்பினார்.
அவர் மண்ணில், அவள் புல்லுக்கு.

வெர்னா பார்த்தாள்.
பார்க்காதவள் போல
புல்வெட்டியின் சக்கரத்தைத் துடைத்தாள்.

"பிளேடை ஒரு படி ஏத்து.
இந்த வெயில்ல ஒட்ட வெட்டினா
வேர் வெந்துடும்."

"ஏத்தியாச்சு," என்றாள்,
"ஜூன்லயே."