ஏழாம் பாகத்து வால்வு

வள்ளியூரில் இரண்டாம் ஆட்டம்.
பொன்சிங்குக்கு ஒரு டிக்கெட், எனக்கு ஒன்று,
ஹெல்மெட்டுக்கு அவன் மடி.

நாரைக்கலம் மறுபடியும் புறப்பட்டிருக்கிறது,
இந்த முறை முந்நூறு கோடியில்.

தொடரில் அது தெர்மாக்கோல்.
ஞாயிறு பதினொரு மணிக்கு
கட்டிய நூல் தெரியத் தெரியச் சனிக்கோளைத் தாண்டும்.
கதவைத் திறந்தால் சுவரும் கொஞ்சம் கூடவே வரும்.
தமிழ்க் குரல் உதட்டுக்கு முன்பே முடிந்துவிடும்;
மிச்ச உதட்டசைவில்
கேப்டன் வேரா வேறேதோ சொல்வதாக
நாங்களே இட்டுக்கட்டிக்கொண்டோம்.

"அத இப்பப் பாத்தா சிரிப்புல்லா வருது"
என்கிறான் பொன்சிங்.
வரத்தான் செய்கிறது.

முதல் படம் வந்தபோது எனக்கு இருபத்தாறு.
அதில் வேராவுக்கு ஒரு காதலனைச் சேர்த்திருந்தார்கள்.
பதிமூன்று பாகத்திலும் அவளுக்கு அதற்கெல்லாம் நேரம் இருந்ததில்லை.
படத்தில் அவன் செத்ததும் மழையில் நின்று அழுதாள்.
தொடரில் அழுதது ஒரே ஒருமுறை,
தண்ணீர்க் கணக்கு நோட்டில்
கூட்டல் தப்பியதற்கு.

எனக்கு வேண்டியது ஏழாம் பாகம்.
முழுக்க ஒரே ஒரு வால்வு.
கசிகிறது. ஏனென்று தெரியவில்லை.
தோமின் அதன் முன்னால் சம்மணமிட்டு
நொடிகளை எண்ணுகிறான்.
வேரா வருகிறாள், பார்க்கிறாள், எண்ணட்டும் என்று போகிறாள்.
நடுவில் சோப்பு விளம்பரம்.
திரும்பி வந்தால்
இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறான்.

மகேந்திரகிரி அடிவாரத்தில்
பதினேழு வருஷமாக என் வேலையும் அதுதான்.
உறைபனி படிந்த குழாய் மூட்டின் முன்
கை வைக்காமல் காத்திருப்பது,
எண்ணை எழுதுவது, அடித்துவிட்டு மறுபடி எழுதுவது.
அந்தப் பாகத்தைப் பார்த்துத்தான் இங்கே வந்தேன்
என்று சொன்னால் நன்றாக இருக்கும்.
பொய். பேப்பரில் அறிவிப்பு வந்தது,
சித்தப்பா மனுப் போட்டார்.

இந்தப் படத்திலும் அந்த வால்வு இருக்கிறது.
பன்னிரண்டு நொடி.
தோமின் ஒரு உதை விடுகிறான், பச்சை விளக்கு எரிகிறது,
தியேட்டரே விசிலடிக்கிறது.
"ஏ, நம்ம வால்வ இப்படி உதைச்சா
மெமோ குடுத்துருவாம்லா!"
சிரித்தபடி பாப்கார்னை நீட்டுகிறான்.

அவனுக்குப் படம் பிடித்திருக்கிறது.
அவன் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்:
"தொடர்ல சனின்னா அது ஒரு தட்டு, வே.
இதுல பாரும், வளையத்துக்குள்ள பனிக்கட்டி
ஒண்ணொண்ணாத் தனியா உருளுது.
நா அதுக்குத்தான் வந்தேன்."
நானும் பார்த்தேன். கொஞ்சநேரம் மூச்சு விடவில்லை.
அதை அவனிடம் சொல்லவில்லை.

பிறகு கடைசிச் சண்டை. வெடிமேல் வெடி.
எஞ்சின் சோதிக்கும் நாளில்
என் வீட்டு ஜன்னல் கம்பி நடுங்கும்,
அலமாரித் தம்ளர் தானாக நகரும்.
அது இங்கே காற்று இருப்பதால்.
அங்கே எதற்கு இத்தனை இரைச்சல் என்று
வாயெடுக்கும்போது
ஸ்பீக்கர் செத்தது.

படம் ஓடுகிறது.
"லேய் ஆபரேட்டர்!"
சீட்டை உதைக்கிறார்கள், யாரோ
அவன் குடும்பத்தை விசாரிக்கிறார்கள்.
மேலே
கலங்கள் ஒன்றும் சொல்லாமல் உடைகின்றன.
துண்டுகள் அவசரமில்லாமல் விலகிப் போகின்றன.
வேரா வாய் திறக்கிறாள்;
மொத்தமும் மிச்ச உதட்டசைவு.

தொடரில் சத்தத்துக்குக் காசில்லாமல்தான்
வானம் அப்படி இருந்தது.
இங்கே, காசு பழுதாகி.

நான்கு நிமிஷம்.
பொன்சிங் கத்தவில்லை.
ஹெல்மெட்டை இறுக்கிப் பிடித்திருந்தான்.
அவன் உதடும் அசைவது மாதிரி இருந்தது.
எண்ணுகிறாயா என்று கேட்கவில்லை.

பாதி வெடியில் ஒலி திரும்பியது.
ஒரே கைதட்டல்.

வெளியே ராதாபுரம் பக்கம்
காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
அணைந்தன, எரிந்தன.
"பாதித் துட்டத் திருப்பிக் கேட்டிருக்கணும், வே"
என்றபடி பைக்கை உதைத்தான்.

மூன்றாவது உதைக்குத்தான் கிளம்பியது.