ஏழாவது கோடு

தார்கான் நகரில்
மருந்துக்கடைக்குப் பின்னால் என் ஆய்வகம்.
ஒரு மேசை, ஒரு ஜன்னல்,
சுழலும்போதெல்லாம் நடக்கப் பார்க்கும்
பழைய சென்ட்ரிஃபியூஜ்.
அதன் காலடியில் மடித்த கம்பளித் துண்டு.

சியோலுக்கு ரத்தம் அனுப்பினால்
நான்கு ஆட்டின் விலை, மூன்று வாரம்.
என்னிடம் இருப்பது காகிதப் பட்டை.
சுண்டுவிரல் அகலத்தில் இருபது கோடுகளுக்கு இடம்.
அரை ஆட்டு விலைதான் என்றேன்.
"எந்தப் பாதி?" என்றாள் துலம்சுரேன்,
சிரிக்காமல்.

மகன் நியாம்பயருக்கு ஒன்பது வயது.
ஆகஸ்டு வந்தால் கண் வீங்கும்,
ராத்திரி மூச்சில் விசில் ஓடும்.
குதிரையால்தான் என்றார்கள் எல்லோரும்.
சேணம் ஏறி மலைச்சரிவுக்குப் போய்வந்த நாளில்தானே
அதிகமாகிறது?
வசந்தத்தில் விற்றுவிட்டார்கள்
நெற்றியில் வெள்ளைச் சுட்டி விழுந்த பழுப்புக் குதிரையை.
இந்த ஆகஸ்டிலும் விசில் வந்தது.

ஊசி இறங்கும்போது அவன் கையைப் பார்க்கவில்லை.
சுவரில் நாட்காட்டிக் குதிரைகளைப் பார்த்தான்.

சீரத்தை ஊற்றி, அசைத்து, கழுவி,
மறுபடி ஊற்றிக் காத்திருந்தேன்.
சாயம் தன் நேரத்துக்குத்தான் பிடிக்கும்.
பதினொன்றாவது கோடு மைபோலக் கறுத்தது:
மாசிபத்திரி.
சரிவெங்கும் முழங்கால் உயரம் நிற்கிற
சாம்பல் பச்சைச் செடி.
குதிரை அவனை அங்கே சுமந்துபோனது,
அவ்வளவுதான்.

ஏழாவது கோடு குதிரை.
அங்கே ஒன்றுமில்லை.

வெளியே சொல்லக்கூடாததைச் செய்தேன்.
இன்னொரு பட்டையைப் பிரித்தேன், என் கணக்கில்.
மலிவுச் சோதனை, பிழை நேரும் என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.
அந்தப் பிழைக்காகத்தான் காத்திருந்தேன்.
ஒரு பிள்ளையின் ரத்தத்தில்
இன்னொரு நோய் தெரிய வேண்டுமென்று
ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்.
இழையளவு நிழல் போதும்,
விற்றது சரிதான் என்று அவர்கள் தூங்க.

ஏழில்
காகிதம் காகிதமாகவே இருந்தது.

பட்டை சொல்வதே முடிவல்ல,
மருத்துவரைப் பாருங்கள்,
பூக்கிற மாதம் சரிவுப் பக்கம் வேண்டாம்
என்று சொல்லிக்கொண்டே போனேன்.
அவள் காதில் விழவில்லை.
பையன்தான் கேட்டான்:
"பூ உதிர்ந்த பிறகு?"

பணத்தை எண்ணி வைத்தாள்.
ஒரு நோட்டைத் திருப்பி நீட்டினேன், வாங்கவில்லை.
வாசலில் நின்று யாரையோ போனில் அழைத்தாள்.
"அந்தப் பழுப்பு,
இன்னும் உன்னிடம்தானா?"

பதில் எனக்குக் கேட்கவில்லை.
அடுத்தவர் ரத்தத்தைச் சுழலவிட்டிருந்தேன்;
மேசை அதிர்ந்துகொண்டிருந்தது.