இடைவேளை வரை

டில்லிபாபுவின் ஜெராக்ஸ் கடையில்
ஞாயிறு இரவு ஷட்டர் பாதி இறங்கியபின்
பட்டியல் ஆரம்பமாகும்.
கறுப்படித்து வீணாய்ப்போன வில்லங்கச் சான்று ஒன்றின்
முதுகில் கோடு போடுவான் நிஜாமுதீன்.

மூன்று பாகமாய் வந்த படங்கள் மட்டும்.
விண்வெளிக்காரர்களா, அந்த ஐதராபாத் தாதாவா,
மூன்றாவதில் சொதப்பியவனை
முதலிரண்டுக்காக மன்னிக்கலாமா?
வில்லிவாக்கத்துக்கு வேறு கவலையே இல்லாத மாதிரி.

"மூணாவது துட்டுக்கு எடுத்தது."
"மொதலாவது என்ன, புண்ணியத்துக்கா?"
ரோஸ்லின் கை வீசியதில்
ஸ்டேப்ளர் கீழே விழுந்து வாயைப் பிளந்தது.

துறைமுகப் படத்தில் மட்டும்
நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.
இரண்டாம் பாகம்தான். பதினோரு வருடமாக.
கிரேன் உச்சியில் அண்ணனும் தம்பியும்
எதிரெதிரே நிற்கும் அந்தக் கடைசிக் காட்சிக்காக
நிஜாமோடு ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசாமல் இருந்தேன்.

அந்தக் காட்சியை நான் பார்த்ததில்லை.

ஆபீசில் கணக்கு முடிப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டு
பெரம்பூரில் தனியாக இரவுக் காட்சி.
இடைவேளை விளக்கு எரிந்தபோது பதினொன்றேகால்.
பட்டாபிராமுக்குக் கடைசி வண்டி.
ஓடினேன், கையில் பாதி சமோசாவோடு.
மறுநாள் "பாத்தியா?" என்றார்கள்.
பார்த்தேன் என்றேன். பாதிப் பொய்தான்.

அப்புறம் இவர்கள் சண்டை போட்டுப் போட்டே
மீதியை எனக்கு ஓட்டிக் காட்டினார்கள்.
சங்கிலி டில்லி தந்தது.
தம்பியின் சிரிப்பு ரோஸ்லினுடையது.
டிவியில் பொங்கலுக்குப் பொங்கல் போடுவான்;
கிரேன் தெரிந்ததும் சேனலை மாற்றிவிடுவேன்.
என்னிடம் இருப்பதைவிட நன்றாகவா எடுத்திருக்கப்போகிறார்கள்?

இன்றைக்கும் அதையேதான் ஆரம்பித்தேன்:
"அந்த மழையில அண்ணன் கையை விடுறான் பாரு..."

"மழையா?" என்றாள் ரோஸ்லின். "ஏது மழை?"

"இருக்கு," என்றான் நிஜாம், தாளைப் பார்த்தபடி.
"இருந்துச்சுன்னுதான் நெனைக்கிறேன்,"
டில்லிபாபு மெஷினைத் துடைக்க ஆரம்பித்தான்.
அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

நான்கு போன்கள் மேஜைமேல்.
இரண்டு நிமிடம் தேடினால் தெரிந்துவிடும்.
யாரும் எடுக்கவில்லை.
ரோஸ்லின்கூட.

வெளியே ஆவடி வண்டி ஒன்று
கடகடத்துப் போய் முடிந்தது.

"சரி எழுது," என்றாள்,
"ரெண்டாம் பாகம், மொத எடம்."
முதல்முறையாக எதிர்ப்பே இல்லாமல்
எழுதினான் நிஜாம்.
பேனா நடுவில் நின்றுவிட்டது.
உதறி உதறி எழுதினான்.